பந்தல் குறடு

சின்னமனூர்க்காரர்கள் வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஜக்கம்மா அத்தை செல்போனில் சொன்னபோது யுவராணி கொல்லைக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். காலையில் துலக்குவது வேறு. இது மத்தியானச் சோறு தின்ற பிறகு துலக்குவது. வாயில் கம்பி போட்டதிலிருந்து தின்ற வாயோடு சும்மா உட்கார முடியாது. ஒரு பருக்கை கம்பிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் சாயங்காலத்துக்குள் வாய் நாறிவிடும். பெரிய பிரஷ் ஒன்று, இண்டு இடுக்குக்குச் சின்ன பிரஷ் ஒன்று, கைக்கண்ணாடி ஒன்று என்று அவள் குழாயடியில் கடை விரிப்பதைப் பார்த்தால் அண்ணன் சுருளிராஜன், "பல்லு வெளக்குறதுக்கே இன்னொரு டிகிரி வாங்கிருவ போல" என்பான். அன்று அவன் ஊரில் இல்லை. கோட்டயத்துக்குத் திராட்சை லோடு ஏற்றிப் போயிருந்தான்.

அம்மா பஞ்சம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்ததும் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தாள்.

"மாசி கடைசி வெள்ளியாம். அத விட்டா பங்குனியில அவுக வீட்ல எதுவும் பேச மாட்டாகளாம். நாளைக்குப் பொதங்கெழம, தேனி டாக்டரம்மா வர்ற நாளு. போயி அதக் கழட்டிட்டு வந்துருவோம்."

"எத?"

"வேற எத? வாய்க்குள்ள வச்சிருக்கியே, அத."

யுவராணி நுரையைத் துப்பினாள். "அது என்ன சட்டையா, நெனச்சாப் போட, நெனச்சாக் கழட்ட?"

"வாயாடாத. ஒரு வருசம் ஆகப்போகுது. இன்னும் என்னத்த இழுக்குது?"

கம்பி போட வேண்டும் என்று யுவராணி ஒருநாளும் கேட்டதில்லை. சுருளிப்பட்டியில் அப்பன் வழியிலும் ஆத்தா வழியிலும் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். 2006-இல் பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. அந்த வருஷமே பெண் பார்க்க மூன்று கூட்டம் வந்து போனது. முதல் இரண்டும் காப்பி குடித்துவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். மூன்றாவது போடியிலிருந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "பொண்ணு சிரிக்காமயே சிரிக்குதே" என்றாள். மேல்வரிசைப் பல் முன்னால் நீண்டு உதட்டுக்கு வெளியே நின்றதைத்தான் சொன்னாள். பஞ்சம்மாள் அன்று உலை வைக்கவில்லை. அடுத்த புதன்கிழமை மகளை இழுத்துக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினாள். அப்பா சுருளியாண்டியும் கூட வந்தார்.

டாக்டர் ஜெபராணி மதுரையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தேனிக்கு வந்து போகிறவர். குழைந்து பேசத் தெரியாத மனுஷி. அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "கல்யாணத்துக்காக மட்டும்னா ஆரம்பிக்கவே வேணாம். ஆரம்பிச்சா முடிக்கணும். ரெண்டு வருஷம் ஆகும், கூடவும் ஆகலாம். பல்லு பின்னால போறதுக்கு எடம் வேணும், அதுக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டு, நாலு நல்ல பல்லை எடுக்கணும். கம்பியக் கழட்டுன பிறகும் ராத்திரி ராத்திரி பிளேட் மாட்டணும். இல்லேன்னா பல்லு பழைய எடத்துக்கே திரும்ப ஓடும்."

சுருளியாண்டி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். உரக்கடைக்காரன் சொன்னாலும் விவசாய ஆபீசர் சொன்னாலும் ஆட்டுகிற அதே தலை. ஆட்டிவிட்டு வெளியே வந்து தான் நினைத்ததைச் செய்வார். படித்தவர்கள் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். அவர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவர் எண்ணம்தான். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே சொன்னார்: "ரெண்டு வருசம்னுதான் சொல்வாக. ஒரு வருசத்துல முடிஞ்சிரும்."

நாலு பல்லையும் இரண்டு தடவையாகப் பிடுங்கினார்கள். யுவராணி அதைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். சொத்தை இல்லை, கறை இல்லை. வேர் நீளமாக இருந்தது. இருபத்திரண்டு வயது வரை பட்டாணி கடித்த பல். அதைப் பார்த்ததும் அவளுக்கு அந்தப் போடிச் சின்னம்மா மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிறகு ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொட்டு ஒட்டி, பொட்டுக்குப் பொட்டு கம்பி ஓட்டினார்கள். கடைவாய்ப் பல்லில் வளையம். மாதம் ஒரு தடவை கம்பியை முறுக்கி இறுக்குவார்கள். கிளினிக்கில் வலி தெரியாது. பஸ் வீரபாண்டி தாண்டும்போது ஆரம்பிக்கும். உத்தமபாளையம் வருவதற்குள் தாடை முழுக்கப் பரவி, அன்றைக்கும் மறுநாளும் இட்லியைக்கூட நசுக்கித்தான் விழுங்க முடியும். முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய் எல்லாம் போயிற்று. கன்னத்துக்குள் புண் வந்து ஆறி வந்து ஆறித் தோல் தடித்தது. "வலிக்குதா ஆத்தா?" என்று அப்பா கேட்பார். "இல்ல" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பொய்.

பஞ்சம்மாளுக்கு வேறு கவலை. கம்பி போட்ட பெண் என்று தெரிந்தால், அப்படியானால் பல் கோணல்தானே என்பார்கள். அதனால் கல்யாண வீடு, காதுகுத்து எதற்கும் யுவராணியைக் கூட்டிப்போவதில்லை. கேட்டவர்களுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று பதில். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற போட்டோவில் வாய் இறுக மூடியிருந்தது.

ஆனால் தை மாதத்தில் ஒருநாள் ஒன்று நடந்தது. தோட்டத்து வரப்பில் நடந்துவந்தபோது காற்றில் மண் அடித்தது. யுவராணி வாயை மூடினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, உதடு தானாக மூடியிருந்தது. பிறந்ததிலிருந்து மேலுதட்டை இழுத்துப் பிடித்தால்தான் மூடும். தூங்கும்போது திறந்தே கிடந்து தொண்டை காய்ந்துபோகும். அன்று கண்ணாடி முன்னால் நின்று மூடினாள், திறந்தாள், மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அது அம்மா போட்ட கம்பி இல்லை, அவளுடைய கம்பி.

புதன்கிழமை தாயும் மகளும் தேனிக்குப் போனார்கள். பஞ்சம்மாள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றாகம்மா. நல்ல எடம். பையன் லோயர் கேம்ப் பவர் ஹவுசுல கவர்மெண்டு வேல. இதக் கழட்டிக் குடுத்துருங்க. அவுக போன பெறகு மறுபடி மாட்டிக்கலாம்."

டாக்டர் யுவராணியின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைச் சாய்த்தார். பஞ்சம்மாளையும் கிட்டக் கூப்பிட்டார். "இந்தா பாருங்க. பல்லு எடுத்த எடத்துல இன்னும் பாதி சந்து இருக்கு. இந்தப் பல்லெல்லாம் இப்ப நடந்துக்கிட்டு இருக்கு. சுத்தியிருக்கிற எலும்பு இளகியிருக்கு. பிடி விட்டா நின்ன எடத்துல நிக்காது. சந்து அப்படியே தங்கிப்போனாலும் போகும், பல்லு மறுபடி முன்னால வந்தாலும் வரும். ரெண்டும் நடக்கலாம்."

"ரெண்டே நாளும்மா."

"வெறும் கம்பிய உருவி மாட்டுற வேலையில்ல இது. ஒட்டுனதக் கழட்டுனா திரும்ப மொதல்லேருந்துதான். கம்பியோட பாக்கட்டுமே. அதுல என்ன அசிங்கம்?"

"ஒங்களுக்குத் தெரியாதும்மா எங்க சனத்தப் பத்தி."

ஜெபராணி விளக்கை அணைத்தார். "பேஷன்ட் கேட்டா நான் கழட்டித்தான் ஆகணும். ஆனா பேஷன்ட் நீங்க இல்ல. அவளுக்கு இருபத்திரெண்டு வயசு." திரும்பினார். "நீ சொல்லும்மா. கழட்டவா?"

யுவராணி அம்மாவைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வேணாம்."

பஸ்ஸில் சின்னமனூர் வரை பஞ்சம்மாள் வாய் திறக்கவில்லை. சின்னமனூரில் பஸ் நின்றதும், இந்த ஊரில்தான் மாப்பிள்ளை வீடு என்ற நினைப்பு வந்திருக்கும், ஆரம்பித்தாள். "ஒரு டாக்டருச்சி முன்னாடி ஆத்தாள அசிங்கப்படுத்திட்ட. படிச்ச புத்தி." முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கம்பம் வரை இது ஓயவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா தூக்குவாளியைக் கையில் கொடுத்து, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகச் சொன்னாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதிலேயே யுவராணி உஷாராகியிருக்க வேண்டும்.

திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்து புதுத்தளிர் பந்தல் மேல் பரவிக்கொண்டிருந்தது. அடியில் பச்சை வெளிச்சம். மோட்டார் ரூம் வாசலில் கல்லின் மேல் சுருளியாண்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், டெட்டால் பாட்டில், வெள்ளைத் துணி. துணியின் மேல் குறடு.

பந்தல் கம்பி முறுக்கவும் வெட்டவும் வைத்திருக்கிற குறடு அது. யுவராணியின் வாய்க்குள் அது ஏற்கனவே ஒரு தடவை போயிருக்கிறது. கார்த்திகையில் கம்பி நுனி நழுவிக் கன்னத்தைக் குத்திக் கிழித்தது. டாக்டர் வர இன்னும் பத்து நாள் கிடந்தது. அப்பாதான் குறட்டைக் கழுவி, பூனை குட்டியைத் தூக்குகிற பக்குவத்தில் அந்த நுனியை மட்டும் வெட்டி எடுத்தார். அடுத்த முறை போனபோது ஜெபராணி, "இனிமே இப்படிச் செய்யாதீங்க, போன் பண்ணுங்க" என்று திட்டிவிட்டு, "நல்லவேள, சுத்தமா வெட்டியிருக்கார்" என்றும் சொன்னார். முதல் பாதி அப்பாவின் காதில் விழவில்லை. டாக்டரம்மாவே மெச்சியதாக டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"ஒக்காரு ஆத்தா," என்றார்.

"அம்மா சொல்லிச்சா?"

"ஒங்கம்மா ராவெல்லாம் தூங்கல."

"அதுக்கு?"

சுருளியாண்டி மேலே பந்தலைக் காட்டினார். "இந்தா பாரு. கொடிய இழுத்துக் கம்பியில கட்டுறோம். படந்து முத்திருச்சுன்னா கட்ட அவுத்து விட்டுருவோம். கெள அங்கனயேதான நிக்குது? எங்கிட்டும் போகுதா?"

"கொடி முத்துறதுக்கு எத்தன வருசமாகும்? இதுக்கு இன்னும் ஒரு வருசம் முடியல. பல்லு கொடியில்லப்பா. டாக்டர் எத்தன தடவ சொன்னாக."

"சொல்வாக. அவுக தொழிலு."

"அவுக தொழிலுங்கிறதாலதான் அவுக சொல்றதக் கேக்கணும்."

அவர் சொம்புத் தண்ணீரில் கையை நனைத்தார். துணியை எடுத்துக் குறட்டின் வாயில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். பிறகு குனிந்தபடியே சொன்னார்: "ஒன்னக் காலேசுக்கு அனுப்புனப்ப, பொட்டப்புள்ளைய பஸ் ஏத்தி விடுறான்னு எத்தன பேரு என் மூஞ்சிக்கு நேராக் கேட்டாக. எங்கக்கா ஜக்கம்மாவே கேட்டுச்சு. நான் யாருக்கும் பதில் சொல்லல. ஒங்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேக்குறேன்."

"அதுக்குக் கூலியா இது?"

சுருளியாண்டி நிமிர்ந்து பார்த்தார். அடிபட்ட மாதிரி ஒரு பார்வை. அவர் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். கையை ஓங்கியிருந்தால் தூக்குவாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போயிருப்பாள். அவர் இரண்டையும் செய்யவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் முன்னால் வராத பயம், அம்மா பஸ்ஸில் புலம்பியபோது வராத இரக்கம், எங்கிருந்து அந்த நேரத்தில் வந்தது என்று யுவராணிக்கு இன்றுவரை தெரியாது. கல்லில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

கை பக்குவமான கைதான். பொட்டுகளைச் சுற்றிப் போட்டிருந்த ரப்பர் வளையங்களை ஊக்கால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். கம்பியை வெட்டி உருவினார். கீழ்வரிசைப் பொட்டுகளை ஓரத்தில் பிடித்து மெல்ல அழுத்த, பட்டுப் பட்டென்று விட்டன. "பாத்தியா" என்றார். மேல்வரிசைக்கு வந்தார். முன்பல் இரண்டில் இடதுபக்கப் பல்லில் பொட்டு விடவில்லை. பந்தல் முடிச்சு இறுகிக் கிடந்தால் கையை லேசாகத் திருப்புவார். பழக்க தோஷம், திருப்பினார்.

கல்கண்டு உடைகிற சத்தம். யுவராணியின் நாக்கில் ஏதோ விழுந்தது. உள்ளங்கையில் துப்பினாள். அரிசி நொய் மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு.

"பசைதான் ஆத்தா. ஒட்டியிருந்த பசை."

நாக்கு நுனியால் தடவினாள். பல்லின் ஓரம் கண்ணாடிச் சில்லு போல அறுத்தது. மூச்சை இழுத்தாள், காற்று பட்டுப் பல் உச்சிவரை குளிர்ந்து வலித்தது. பசை இல்லை.

சுருளியாண்டி அதற்குள் பார்த்துவிட்டார். குறட்டைத் தாழ்த்தினார். மேல்வரிசையில் இன்னும் மூன்று பொட்டு மிச்சம். அதை வைத்துக்கொண்டு இனி யாருக்கு என்ன.

"எடு," என்றாள் யுவராணி.

"ஆத்தா..."

"மிச்சத்தையும் எடு."

எடுத்தார். கடைவாய் வளையங்கள் மட்டும் அசையவில்லை. அது வெளியே தெரியாது என்று விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சின்னமனூரிலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை வேலுச்சாமி, அவன் அம்மா, பெரியம்மா, இன்னும் சிலர். வேலுச்சாமி வந்த நேரத்திலிருந்து தன் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜக்கம்மா அத்தைதான் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள் என்ற உரிமையில் எல்லோருக்கும் பதில் சொன்னாள். யுவராணி காப்பித் தட்டோடு வந்தாள். வாயைத் திறக்காதே, கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டு என்பது அம்மாவின் உத்தரவு.

பெரியம்மா விடவில்லை. "என்ன படிச்சிருக்க தாயி?"

"பி.எஸ்சி. மேத்ஸ்."

அவ்வளவு போதுமாயிருந்தது. பெரியம்மா முன்னால் சாய்ந்தாள். "ஏம்மா, முன்னாடிப் பல்லு ஒடஞ்சிருக்கு?"

பஞ்சம்மாள் முந்திக்கொண்டாள். "நேத்து குழாயடியில வழுக்கி விழுந்துட்டா. பாசி."

"விழுந்தாளா?" பெரியம்மா பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். "விழுந்தா கைய ஊணுவாகளே. கையில ஒரு செராய்ப்பக் காணோம், நேரா வாயில அடிபட்டிருக்கு."

"திடீர்னு வழுக்கிருச்சு."

"அதான் கேக்குறேன். தல சுத்து, மயக்கம், அந்த மாதிரி..." குரலைத் தணித்தாள். "வலிப்பு கிலிப்பு ஏதும் உண்டா? இருந்தாச் சொல்லிருங்க. எங்க தெருவுல ஒரு வீட்ல மறச்சுக் கட்டிக்குடுத்து, பெரிய கேவலமாப் போச்சு."

"அய்யய்யோ, அதெல்லாம் எங்க வம்சத்துலயே கெடையாது," என்றாள் ஜக்கம்மா அத்தை.

"எங்க குலசாமி மேல சத்தியமா" என்றாள் பஞ்சம்மாள்.

மறுக்க மறுக்க அந்தப் பெரியம்மாவின் முகம் உறுதிப்பட்டது. வேலுச்சாமிகூட வாட்சை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். சுருளியாண்டி கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

யுவராணி தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் விழல," என்றாள். "பல்லுக்குக் கம்பி போட்டிருந்தேன். நேத்து எங்கப்பா பந்தக் குறட வச்சுக் கழட்டுனாரு. அதுல ஒடஞ்சது."

அம்மா "ஏய்" என்றாள். யுவராணி கேட்கவில்லை. பெரியம்மாவின் முன்னால் போய்க் குனிந்து, வாயை அகலத் திறந்து, விரலால் கன்னத்தை ஒதுக்கிக் காட்டினாள். கடைவாய் வளையம் மின்னியது.

"இந்தச் சந்துல எல்லாம் பல்லு இருந்துச்சு. நாலு பல்லு, நல்ல பல்லு. நீங்க பாக்க வருவீகன்னு அதப் புடுங்குனாக. நீங்க பாக்க வந்தீகன்னு கம்பியையும் புடுங்கிட்டாக. வலிப்பெல்லாம் இல்ல. காப்பி ஆறுது, குடிங்க."

பெரியம்மா பின்னால் சாய்ந்தாள். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா பேசினாள். "கம்பி போட்டிருக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க என்ன பேயா, பிசாசா?" உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாளா, கிளம்புகிற நேரத்துக்கு ஒரு நல்ல வார்த்தையாகச் சொல்லிவைத்தாளா தெரியாது. கடைசிவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. காப்பியைக் குடித்தார்கள். போனார்கள். தகவல் வரவில்லை.

"வாயத் தொறந்து எல்லாத்தையும் கெடுத்தியே பாவி," என்று பஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ வாயத் தொறந்து சொன்னதுலதான் எனக்கு வலிப்பு வந்துச்சு."

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஊரில் மட்டும் பேச்சு நிற்கவில்லை. நாலு பல் இல்லாத பெண், குறட்டால் பிடுங்கினார்களாம், காக்காவலிப்பு உண்டாம் என்று கதை தெருவுக்குத் தெரு வளர்ந்தது.

ஜெபராணி அடுத்து வர இரண்டு வாரம் ஆகும். யுவராணி போனில் சொன்னபோது எந்தப் பல், எவ்வளவு உடைந்தது என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒடஞ்ச பல்லுல சூடு, குளிர்ச்சி படாமப் பாத்துக்கோ. வலி தாங்கலேன்னா அதுவரைக்கும் காத்திருக்காத, கம்பத்துல எந்தப் பல் டாக்டர்கிட்ட வேணும்னாலும் போ" என்றார். வலி தாங்கும்படியாகத்தான் இருந்தது. தாங்க முடியாதது வேறு. தினமும் காலையில் நாக்கு அந்தச் சந்துகளைப் போய்த் தொட்டது. தினமும் சந்து கொஞ்சம் அகலமாகத் தோன்றியது. கற்பனை என்று நினைத்துக்கொண்டாள். கணக்குப் படித்தவள், கற்பனைக்கும் அளவுக்கும் வித்தியாசம் தெரியாதா. ஒருநாள் விடியும்போது தொண்டை காய்ந்து எழுந்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்று உதட்டை மூடினாள். மேலுதடு பல்லின் மேல் தட்டி நின்றது. இழுத்தால்தான் மூடியது.

அன்று அவள் அழுதாள். அழுகையைவிடக் கோபம் அதிகம். அம்மா மேல், அப்பா மேல், போடிக்காரி மேல், சின்னமனூர்க்காரி மேல். எல்லோருக்கும் மேலாக, கல்லில் உட்கார்ந்து வாயைத் திறந்தவள் மேல்.

புதன்கிழமை அவள் தனியாகத்தான் கிளம்பினாள். பஸ் ஸ்டாப்பில் சுருளியாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். வரட்டுமா என்று கேட்கவில்லை. வா என்று அவளும் சொல்லவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள், வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

ஜெபராணி விளக்கைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். போனில் கேட்டது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு போலிருக்கிறது. "யாரு கழட்டுனது?" என்றார், தெரிந்துகொண்டே.

சுருளியாண்டி தொண்டையைச் செருமினார். "அது... அதுவா லூசாகி..."

"எங்கப்பா," என்றாள் யுவராணி.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "எத வச்சு?"

"குறடு." அவர் குரல் எழும்பவில்லை. "பந்தக் கம்பி வெட்டுறது."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுருளியாண்டிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரைக் கிட்டக் கூப்பிட்டு, சின்னக் கண்ணாடியை மகளின் வாய்க்குள் பிடித்துக் காட்டினார். "இந்த மூல ஒடஞ்சது வளராது. பல்லு நெறத்துலயே பூசி மூடலாம். ஆனா பூச்சு பூச்சுதான், சில வருஷத்துக்கு ஒரு தடவ புதுசாப் போடணும், அவ சாகுற வரைக்கும். உள்ள நரம்பு தப்பிச்சதான்னு போகப்போகத்தான் தெரியும். எக்ஸ்ரே எடுக்கணும். மூடி வந்த சந்து திரும்ப விரிஞ்சிருக்கு. முன்பல்லு மறுபடி முன்னால தள்ளியிருக்கு. பொட்டு எல்லாம் புதுசா ஒட்டி, மறுபடி இழுக்கணும். அதே பல்லை அதே வழியில ரெண்டாவது தடவ இழுக்குறோம், வேரு தேயாமப் பாத்துக்கணும். அதனால மெதுவாத்தான் போக முடியும்."

"எத்தன நாளாகும்மா?"

"தெரியாது. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மாட்டேன்."

யுவராணி அப்பாவின் தலையைப் பார்த்தாள். அது ஆடப்போகிறது என்று காத்திருந்தாள். ஆடவில்லை.

"அந்த வேரு தேயிறதுன்னீகளே," என்றார் சுருளியாண்டி. "அது எனக்கு வெளங்கல. திரும்பச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

டாக்டர் ஒரு காகிதத்தில் பல்லை வரைந்து சொன்னார். சுருளியாண்டி குறுக்கே குறுக்கே கேட்டார். யுவராணிக்கு அதைக் கேட்கக் கேட்க மனசு இளகும் என்று பார்த்தால், எரிச்சல்தான் வந்தது. இந்தக் கேள்விகளை எல்லாம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய மனுஷர்.

மத்தியானத்துக்கு மேல்தான் வேலை முடிந்தது. வாய் நிறையப் புதுப் பொட்டு, மெல்லிசான புதுக்கம்பி. திரும்புகிற பஸ்ஸில் கூட்டம், பக்கத்துப் பக்கத்து இடம்தான் கிடைத்தது. தேனி தாண்டியதும் சுருளியாண்டியின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். ஜக்கம்மா அத்தையின் குரல் வெளியே கேட்டது. சீலையம்பட்டியில் ஒரு எடமாம், ரெண்டாந்தாரம்தானாம், ஆனா பிக்கல் பிடுங்கல் இல்லையாம்.

சுருளியாண்டி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை மகளிடம் நீட்டினார். நல்லது செய்வதாக நினைத்து நீட்டினாரா, பதில் சொல்கிற தைரியம் இல்லாமல் நீட்டினாரா என்று யுவராணி யோசிக்கவில்லை. வாங்கிக்கொண்டாள்.

"அத்த, நான்தான் பேசுறேன். வாயில கம்பி இருக்கு. இன்னிக்குத்தான் போட்டாக. எப்பக் கழட்டுவாகன்னு டாக்டருக்கே தெரியல. கம்பியோட பாக்குறவுக யாரும் இருந்தா அப்பறம் சொல்லு, யோசிக்கிறேன். ரெண்டாந்தாரம்னா அவுகளையே நீ கட்டிக்க."

"கொழுப்பப் பாரு. ஏலே சுருளியாண்டி, கேட்டியா ஒம்மக பேச்ச..." என்று அந்தப் பக்கம் ஆரம்பித்தது. யுவராணி போனை அணைத்து அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள்.

வீரபாண்டி வந்தது. முல்லையாற்றுப் பாலத்தைப் பஸ் கடந்தது. முன்பல்லில் லேசாக ஒரு துடிப்பு எழுந்து, மெல்லத் தாடையில் இறங்கியது. சரியாக அதே இடம். ஆரம்பத்திலிருந்து மறுபடி.

சுருளியாண்டி அவள் பக்கம் திரும்பாமல் கேட்டார். "வலிக்குதா ஆத்தா?"

"வலிக்குது," என்றாள் யுவராணி.

ஜன்னல் வழியாகப் புழுதிக் காற்று அடித்தது. உதட்டை மூடிப் பார்த்தாள். மூடவில்லை.